கசில்தாவின் காலும் லெயோனோரின் முகமும்

கசில்தா சமூதியோ கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் 'பாதங்கள்' என்ற சொல் மூன்று இடத்தில் இருந்தது. 'முகம்' என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை. அவள் இதைக் கவனிக்கவில்லை. படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட கழுதை என்று திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டிக்கொள்ளலாம். ஆனால் பன்னிரண்டு வருஷம் மெக்சிகோ நகரத்து நாடகக் கொட்டகைகளில் நாளைக்கு மூன்று ஆட்டம் ஆடி, குதிகால் கல்லாய்க் காய்த்துப்போன ஒருத்தியிடம் வந்து "நம்ம படத்துல வந்து ஆடணும்" என்று யாராவது கேட்டால் அவள் முதலில் பேனாவைத்தான் தேடுவாள். மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்க மாட்டாள்.

அது 1919ஆம் வருஷம். நாடகக் கொட்டகைகள் ஒவ்வொன்றாய் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு படக்கொட்டகைகளாய் மாறிக்கொண்டிருந்த நேரம். கசில்தா ஆடிய கொட்டகையிலேயே அவள் ஆட்டத்துக்கு முன்னால் ஒரு ரீல், பின்னால் ஒரு ரீல் என்று ஓட்டத் தொடங்கியிருந்தார்கள். சனங்கள் ரீலுக்கு அசையாமல் உட்கார்ந்தார்கள்; இவள் ஆடும்போது கடலை வாங்க எழுந்து போனார்கள். அதுகூட அவளுக்குப் பெரிய வருத்தமில்லை. படத்தில் ஆடியே தீரவேண்டும் என்ற வெறி அவளுக்கு வந்த காரணமே வேறு. படம் ஊர் ஊராய்ப் போகும். ரயிலில் போகும், படகில் போகும். அவளால் போக முடியாத ஊருக்கும் போகும்.

அந்த ஊர் அல்வராதோ. ஆறு கடலில் விழுகிற இடத்தில் இருக்கிற மீன்காரர்கள் ஊர். அங்கே ஒருவன் காலை வணக்கம் சொன்னாலே பாதிரியார் காதைப் பொத்திக்கொள்வார்; வசவு கலக்காமல் அவர்களுக்கு வாய் திறக்கத் தெரியாது. கசில்தாவின் அக்கா தொமாசாவுக்கு அந்த ஊர்ச் சந்தையில் மீன்கடை. அம்மா செத்தபிறகு தங்கையை வளர்த்தது அவள்தான். பத்தொன்பது வயதில் கசில்தா ஒரு நாடகக் குழுவோடு கிளம்பியபோது, படகுத்துறையில் ஊரே பார்க்க, மீன் அரியும் கத்தியைக் கையில் பிடித்தபடி தொமாசா சொன்னாள்.

"போறியா? போ. ஊர் ஊரா தொடையக் காட்டி ஆடு. ஆனா செத்தாலும் என் முகத்துல முழிக்காதடி."

"முழிக்கத்தான் போறேன். நீ கண்ண மூடிக்கிட்டாலும் முழிப்பேன்" என்று இவளும் படகிலிருந்து கத்தினாள். அல்வராதோவில் பிறந்தவள் அல்லவா, வாய் மட்டும் குறைச்சலா என்ன!

அதற்குப் பிறகு நாலு கடிதம் எழுதினாள். நாலும் பிரிக்காமலே திரும்பி வந்தன, மீன் வாடையோடு. கடிதத்தைத் திருப்பி அனுப்பலாம். படத்தை என்ன செய்வாள்? ஊரே போய் உட்காருகிற இடத்துக்குத் தொமாசா போகாமல் இருக்க மாட்டாள். ஒரு கல்யாணத்தை, ஒரு சாவை, ஒரு தெருச்சண்டையை அவள் விட்டதில்லை. அங்கே சுவர் அளவுக்குத் தங்கையின் முகம் அவள் எதிரில் வந்து நிற்கும். கசில்தா இதைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்தைப் போட்டாள்.

படப்பிடிப்பு நகரத்துக்கு வெளியே, கண்ணாடிக் கூரை போட்ட ஒரு பெரிய கொட்டாயில். வெயில்தான் அங்கே விளக்கு. காலை எட்டு மணிக்கே கசில்தா வந்துவிட்டாள். இரண்டு மணி நேரம் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து முகத்துக்கு மாவு பூசினாள், கண்ணுக்கு மை தீட்டினாள், உதட்டைத் திருத்தினாள், தலையில் பூ வைத்தாள். வெள்ளைப் பாவாடையை இரண்டு கையிலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு பலகை மேடையில் ஏறினாள். ஒரு சாண் உயரத்துக்கு மரப்பெட்டி மாதிரி அடித்த மேடை. அவள் ஊரில் ஃபந்தாங்கோ ஆடுவது அதன் மேல்தான். ஆட்டத்தில் பாதி கால், பாதி அந்தப் பலகை எழுப்புகிற சத்தம்.

கேமராக்காரர் லிப்ராதோ ஒரு விளக்குமாற்றுக் கம்பை அவள் முழங்காலுக்குக் குறுக்கே பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"அண்ணே, அந்தக் கம்பு எதுக்கு?"

"இதுதாம்மா எல்லை. இதுக்குக் கீழ இருக்கிறதுதான் படத்துல விழும்."

"முழங்காலுக்குக் கீழயா?"

"முழங்காலே சந்தேகம்தான்."

"அப்ப ரெண்டு மணி நேரமா மூஞ்சில நான் பூசுனது?"

லிப்ராதோ நல்ல மனுஷர். பொய் சொல்லவும் வரவில்லை, உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. "ரொம்ப எடுப்பா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுக் கம்பைக் கீழே வைத்தார்.

கசில்தா மேடையை விட்டு இறங்கி நேரே தோன் எவாரிஸ்தோவிடம் போனாள். படத்துக்கு முதலாளியும் அவர்தான், இயக்குகிறவரும் அவர்தான். முன்பு பாரிஸிலிருந்து வாசனைத் தைலம் இறக்குமதி செய்தவர். இப்போது தேசபக்தியை இறக்குமதி செய்துகொண்டிருந்தார் என்று சொன்னால் தப்பில்லை.

"ஐயா, என் மூஞ்சி எங்க?"

"அது உன் கழுத்து மேலதானே இருக்கு" என்றார் அவர், சிரித்துக்கொண்டே. அப்புறம் கசில்தாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "இங்க பாரும்மா. வடக்க அமெரிக்காக்காரன் எடுக்கிற படத்துல நம்மள எப்படிக் காட்டுறான்? செருப்பில்லாத கொள்ளக்காரன், பல்லுபோன சூதாடி! நாம உலகத்துக்கு நம்ம நாட்டோட நெஜ முகத்தக் காட்ட வேணாமா?"

"காட்டணும். எது அந்த நெஜ முகம்?"

தோன் எவாரிஸ்தோ கையை நீட்டினார். குடையின் கீழே நாற்காலி போட்டு லெயோனோர் உட்கார்ந்திருந்தாள். பதினெட்டு வயசு. சர்க்கரை ஆலை முதலாளியின் மகள். ஆலைப் பணம்தான் படத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பெண் பால் மாதிரி வெளுப்பு. கசில்தா உடுத்தியிருந்த அதே வெள்ளைப் பாவாடை, அதே பூ, அதே சிவப்பு நாடா அவளுக்கும் உடுத்தியிருந்தார்கள்.

"மேல அந்தப் பொண்ணு, கீழ நீ. வெட்டி ஒட்டினா யாருக்குத் தெரியும்? அவளுக்குக் கால் வராது. உனக்கு..." என்று இழுத்தார் தோன் எவாரிஸ்தோ.

"எனக்கு?"

"உனக்குக் கால் நல்லா வரும்" என்று முடித்தார்.

கசில்தாவின் நிறம் ஆற்றங்கரை மண்ணின் நிறம். மூக்கு அவள் அப்பாவின் மூக்கு, அகலமானது. அந்த முகத்தோடு பன்னிரண்டு வருஷம் மேடையில் நின்று கைதட்டு வாங்கியிருக்கிறாள். நாட்டின் நிஜ முகத்தைக் காட்டுகிறேன் என்று கிளம்பியவருக்கு அந்த முகம் எதிரே நின்றும் தெரியவில்லையென்றால், அந்தக் கண்ணைக் கொண்டு அவர் படம் எடுக்கிறார் என்பதை நினைக்கவே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் ஆடல" என்றாள்.

"ஒப்பந்தத்தப் படிச்சியா?"

அப்போதுதான் படித்தாள். பாதங்கள், பாதங்கள், பாதங்கள். ஆடாமல் போனால் அந்த வருஷம் முழுக்க நகரத்தில் எந்தக் கொட்டகையிலும் ஆடக்கூடாது என்றும் ஒரு வரி இருந்தது. காகிதத்தை நாலாய் மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு மேடையில் ஏறினாள். பதினோரு மணி வரை ஆடினாள். கோபத்தில் ஆடியதாலோ என்னவோ, பலகை இரண்டு இடத்தில் விரிந்தது.

"பிரமாதம்! உன் வேலை முடிஞ்சுதும்மா, நீ கெளம்பலாம்" என்றார் தோன் எவாரிஸ்தோ.

அவள் கிளம்பவில்லை. லிப்ராதோவின் கேமராவுக்குப் பின்னால், ஒரு கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்துகொண்டாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை. முகமில்லாதவளை யார் கவனிப்பார்கள்!

மதியம் லெயோனோரின் முறை. இப்போது கேமரா இடுப்புக்கு மேலே பார்த்தது. மேடையைச் சுற்றிக் கூட்டமாய் நிற்க, நகரத்தில் மூட்டை தூக்குகிற, கசில்தா ஊர்ப் பக்கத்து வேராகுரூஸ்காரர்கள் பத்துப் பேரையும், ஒரு ஹார்ப், இரண்டு ஹரானா வாசிக்கிறவர்களையும் பிடித்து வந்திருந்தார்கள். ஹரானா என்பது கைக்குழந்தை அளவுக்குச் சின்ன கிடார். சத்தம் மட்டும் பெரிய மனுஷத்தனமாய் வரும். படத்தில் சத்தம் கேட்காது என்றாலும் வாசிக்க வேண்டும், இல்லாவிட்டால் லெயோனோருக்குத் தோள் ஆடாது. லிப்ராதோவுக்கும் கை ஓடாது. கேமராவின் கைப்பிடியை ஒரே சீராய்ச் சுற்ற வேண்டும். அதற்காக அவர் எப்போதும் ஏதாவது பாட்டை வாய்க்குள் முனகிக்கொண்டே சுற்றுவார். பாட்டு முடிகிறவரை அவர் கை நிற்காது என்பது அந்தக் கொட்டாயில் எல்லோருக்கும் தெரிந்த சமாச்சாரம்.

லெயோனோர் மேடையில் ஏறி அசைந்தாள். பாவம், அவள் மேல் குற்றமில்லை. கால் தெரியாது என்ற தைரியத்தில் அவள் நின்ற இடத்தில் எம்பி எம்பிக் குதித்தாள். கூட்டத்தில் இருந்த மூட்டைக்காரர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"சிரிம்மா, சிரி!" என்று ஒலிக்குழாயில் கத்தினார் தோன் எவாரிஸ்தோ.

அந்த வார்த்தைதான் கசில்தாவை வாளியிலிருந்து எழுப்பியது. ஃபந்தாங்கோ மேடையில் எந்தப் பெண்ணும் சிரிக்க மாட்டாள். முகத்தை நிமிர்த்தி, உதட்டை மூடி, என் கால் என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள் என்பது மாதிரி நிற்பாள். சிரித்துக் காட்டுவது கடையில் சாமான் விற்கிறவளுக்கு. கசில்தா கேமராவைச் சுற்றிக்கொண்டு நடந்தாள், கூட்டத்தை விலக்கினாள், மேடை ஓரத்தில் போய் நின்று, லெயோனோரின் தோளை இரண்டு விரலால் தொட்டாள்.

அவள் ஊர்ப் பக்கத்தில் அது சட்டம். ஒருத்தி ஆடிக்கொண்டிருக்கும்போது இன்னொருத்தி வந்து தோளைத் தொட்டால், ஆடுகிறவள் இறங்கி இடம் கொடுத்தாக வேண்டும். ராணியானாலும் இறங்க வேண்டும். கொடுக்காதவளை அப்புறம் யாரும் மேடைக்குக் கூப்பிட மாட்டார்கள். சர்க்கரை ஆலை இருந்ததும் அந்த ஆற்றங்கரையில்தான். லெயோனோரை வளர்த்த ஆயா அப்பா அம்மாவுக்குத் தெரியாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைக் கூட்டிக்கொண்டு போய் வேடிக்கை காட்டியிருக்கிறாள். தோளில் விரல் பட்டதும் பெண்ணுக்குப் படமும் மறந்தது, அப்பா பணமும் மறந்தது. தலையைத் தாழ்த்தி, பாவாடையை ஒதுக்கிக்கொண்டு, மேடையை விட்டு இறங்கிவிட்டாள்.

மூட்டைக்காரர்கள் "ஆஹா!" என்று ஒரே குரலில் கத்தினார்கள். கசில்தா ஏறினாள்.

"நிறுத்து! லிப்ராதோ, நிறுத்து!" தோன் எவாரிஸ்தோ தொண்டை கிழியக் கத்தினார். லிப்ராதோ நிறுத்தவில்லை. பாட்டு நடுவில் இருந்தது. அவர் கண்ணை மூடி முனகிக்கொண்டே சுற்றினார். கேமரா பார்த்துக்கொண்டிருந்த உயரத்தில் இப்போது கசில்தாவின் முகம் இருந்தது. நிமிர்ந்த தாடை, வியர்வையில் கரைந்து ஒழுகும் மாவு, மூடிய உதடு. அன்றைக்குப் பலகை மூன்றாவது இடத்திலும் விரிந்தது.

பாட்டு முடிந்ததும் தோன் எவாரிஸ்தோ லெயோனோரிடம் பாய்ந்தார். "நீ ஏம்மா எறங்கின?"

"தோளத் தொட்டாங்க."

"தொட்டா?"

"தொட்டா எறங்கணும். பின்ன என்ன, அவங்கள எட்டி ஒதைக்கவா முடியும்?"

அவருக்கு ஒரு எழவும் புரியவில்லை. அவர் மலைப்பக்கத்து ஆள். கசில்தா மேடையில் நின்றபடியே சொன்னாள்: "ஐயா, இப்ப எடுத்ததப் போட்டுப் பாருங்க. பாத்துட்டு யார் முகம் வேணும்னு முடிவு பண்ணுங்க."

நாலாம் நாள், கழுவின படத்தை ஒரு சின்ன அறையில் போட்டுப் பார்த்தார்கள். கசில்தாவை யாரும் கூப்பிடவில்லை. அவளாகவே போய்க் கடைசியில் நின்றுகொண்டாள். திரையில் லெயோனோர் எம்பி எம்பிக் குதித்தாள். ஒரு கை வந்து தோளைத் தொட்டது. லெயோனோர் மறைந்தாள். அப்புறம் கசில்தா தன்னையே பார்த்தாள்.

கண்ணாடியில் பார்த்துப் பழகிய முகம் அது இல்லை. அசைகிற, மூச்சு வாங்குகிற, யாருக்கும் பயப்படாத ஒரு பொம்பிளையின் முகம். நான் இவ்வளவு பெரிய ஆளா என்று தன் தாடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். லெயோனோர்தான் முதலில் கைதட்டினாள். தட்டியது அவள் ஒருத்திதான்.

விளக்கு வந்தது. தோன் எவாரிஸ்தோ நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார்.

கசில்தா ஓரடி முன்னால் வந்தாள்.

"அதான் சங்கடம். இத வெச்சா அந்தப் பொண்ண எவன் பார்ப்பான்?" என்றார். படத்தை வெட்டுகிற பையனுக்கு வேலை வைக்காமல், கத்தரிக்கோலைத் தானே எடுத்தார். தோளைத் தொட்ட இடத்தில் ஒரு வெட்டு, பாட்டு முடிந்த இடத்தில் ஒரு வெட்டு. நடுவிலிருந்த சுருளை அவள் கண்ணெதிரே மூலையிலிருந்த அடுப்பில் போட்டார். அந்தக் காலத்து ஃபிலிம், குப்பென்று பிடித்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அடிக்கலாமா என்று நினைத்தாள். அவள் அக்காவாக இருந்தால் அடித்திருப்பாள். கசில்தா கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவரை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"முகத்த எரிச்சிட்டீங்க. காலையும் எரிச்சிடுங்களேன்."

"கால் வேணும். சுவரொட்டி அடிச்சாச்சு."

"வேணுமில்ல? அப்ப கேட்டுக்கங்க. கால் என்னுது. அது எங்கெங்க போகுதோ அங்கெல்லாம் நானும் போவேன். உங்க ஒப்பந்தத்துல அதுக்கு ஒரு தடையும் இல்ல, நான் ரெண்டு தரம் படிச்சிட்டேன்."

"போயேன், யாரு வேணாங்கிறா?" என்று தோள் குலுக்கினார் அவர். அவள் சும்மா வாய்க்குச் சொல்கிறாள் என்று நினைத்தார்.

மூன்று மாதம் கழித்து லிப்ராதோ கொட்டகைக்கு வந்து, படப்பெட்டி அடுத்த ஞாயிற்றுக்கிழமை அல்வராதோ போகிறது என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார். கொட்டகை மானேஜர் லீவு கிடையாது, போனால் திரும்பி வரவேண்டாம் என்றார். "வரல" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

அல்வராதோவில் படம் காட்டுகிறவன் பெயர் நபோர். ஆற்றுக்கு மேல் மரக்கால் ஊன்றிக் கட்டியிருந்த பழைய வலைக் கிடங்குதான் அவனுடைய படக்கொட்டகை. பட்டப்பகலில் ஜன்னல்களுக்கெல்லாம் படகுப்பாய் தொங்கவிட்டு இருட்டாக்குவான். உட்கார நாற்காலி அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். கசில்தா மதிய ரயிலில் வந்து இறங்கி, சால்வையைத் தலைக்கு மேல் போட்டு, நுனியால் வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு, சீட்டு வாங்கி உள்ளே போனாள். நாற்காலி இல்லாததால் கடைசிச் சுவரோரம் நின்றாள்.

இரண்டாவது வரிசையில், வீட்டு நாற்காலியில், தொமாசா. தலை பாதி நரைத்திருந்தது. கழுத்து மட்டும் அப்படியே விறைப்பாக இருந்தது. பக்கத்திலிருந்தவளிடம் எதையோ சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டதும் கசில்தா சால்வை நுனியைக் கடித்துக்கொண்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

படம் ஓடியது. லெயோனோர் ஆற்றங்கரையில் அழுதாள். வில்லன் மீசையை முறுக்கினான், "டேய் எடுபட்ட பயலே, பின்னால பாருடா!" என்று யாரோ அவனுக்கு உதவி செய்தார்கள். திரைக்குப் பக்கத்தில் ஒரு ஹார்ப்பும் இரண்டு ஹரானாவும், பெட்டியோடு வந்த காகிதத்தில் எழுதியிருந்தபடி, சவசவ என்று ஏதோ வால்ஸ் என்கிற வெள்ளைக்கார நடன இசையை வாசித்துக்கொண்டிருந்தன.

அப்போது கால்கள் வந்தன.

வெள்ளைப் பாவாடை விளிம்பு, அதற்குக் கீழே இரண்டு பாதம். சுவர் அளவுக்கு. ஹார்ப்காரர் சட்டென்று கையை எடுத்தார்.

"இந்தக் காலு வால்ஸுக்கு ஆடுற காலில்ல" என்றார். நாலு அடி பார்த்தார். ஐந்தாவது அடிக்குச் சரியான பாட்டைப் பிடித்துவிட்டார். ஹரானாக்கள் இரண்டும் அவர் பின்னாலேயே பாய்ந்தன. கீழே பலகைத் தரை. யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது, முதலில் ஒரு செருப்பு தட்டியது, அப்புறம் பத்து, அப்புறம் கொட்டகை முழுக்க. திரையில் சத்தமில்லாமல் விழுந்த ஒவ்வொரு அடிக்கும் தரையில் சத்தம் கிடைத்தது.

"ஏய், இது யாரு கால்னு தெரியுதாடா?" என்று இருட்டில் ஒரு கிழட்டுக் குரல் கேட்டது.

அல்வராதோவில் கேட்கத் தேவையே இல்லாத கேள்வி அது. தெரு முனையில் ஃபந்தாங்கோ நடந்தால், வீட்டுக்குள் படுத்துக்கொண்டே இப்போது மேடையில் இருப்பது யார் என்று சொல்கிற ஊர். மூன்று அடி போட்டு, நாலாவதை ஒரு மயிரிழை தாமதித்து, அப்புறம் இரண்டு மடங்காய் இறக்குகிற கால் அந்தக் கரையிலேயே ஒன்றுதான்.

"சமூதியோ வீட்டுக் காலு!"

"கசில்தாடா! மீன்கார தொமாசா தங்கச்சி!"

"அடிப்பாவி, உசுரோடதான் இருக்காளா!"

கசில்தாவின் வாயைச் சால்வை பொத்தியிருந்தது. கண்ணை எதுவும் பொத்தவில்லை. அது பாட்டுக்கு ஒழுகியது. அப்போது திரை மாறி, அந்தக் கால்களுக்கு மேலே லெயோனோரின் முகம் வந்தது. வெள்ளையாய், அழகாய், பல் தெரிய.

தரையில் சத்தம் நின்றது.

"சிரிக்கிறாடா!" என்றான் ஒருவன், பிணத்தைக் கண்டவன் மாதிரி.

"எவடா இவ?"

"கசில்தா காலத் திருடி வெச்சிருக்கா, கழிசடை!"

அதற்குப் பிறகு அந்தக் கிடங்கில் கேட்டவற்றை அச்சில் போட முடியாது. நாற்காலியைத் தரையில் தட்டினார்கள், விசிலடித்தார்கள், திரை மேல் ஒரு நண்டு வந்து விழுந்தது. எல்லாச் சத்தத்துக்கும் மேலே ஒரு குரல் எழும்பியது. சந்தையில் முப்பது வருஷம் மீன் விற்ற குரல்.

"நிறுத்துடா நபோரு!"

தொமாசா நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தாள்.

"அக்கா, பொட்டில வந்தத ஓட்டுறேன். என்னையக் கேட்டா?" என்று பின்னாலிருந்து கெஞ்சினான் நபோர்.

"பொட்டில வந்துச்சாம் பொட்டில! அந்தக் காலுக்குத் தேங்காயெண்ண தேச்சு நீவி விட்டவ நான்டா. சின்ன வயசுல சங்கு குத்தி சீழ் புடிச்சப்ப வாய வெச்சு உறிஞ்சி எடுத்தவ நான். எனக்கே எவளோ ஒருத்தி மூஞ்சிய ஒட்டிக் காட்டுறீங்களா? எங்கடா என் தங்கச்சி மூஞ்சி? எங்கடா ஒளிச்சு வெச்சீங்க, எச்சக்கலப் பயலுகளா?"

கசில்தா அதற்கு மேல் நிற்கவில்லை. பாசம் ஒரு பக்கம் நெஞ்சைப் பிடித்து இழுத்தது. கோபம் இன்னொரு பக்கம் பிடித்துத் தள்ளியது. நாலு கடிதத்தைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பியவளுக்கு இப்போது மூஞ்சி வேண்டுமாம்! நாற்காலிகளை இடித்துக்கொண்டு, கால்களை மிதித்துக்கொண்டு, நேரே திரைக்கு முன்னால் போய் நின்றாள். படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. லெயோனோரின் வெள்ளைக் கன்னம் அவள் சால்வை மேல் விழுந்து ஆடியது.

"யாரும்மா அது? படத்த மறைக்காத, ஒக்காரு!" என்று கத்தினான் நபோர்.

அவள் திரும்பி, சால்வையை இழுத்துத் தரையில் போட்டாள்.

"மறைக்கல. இதுதான் படம்" என்றாள்.

அல்வராதோ ஊர் தன் வரலாற்றிலேயே முதல் தடவையாக வாயை மூடியது. கசில்தா இரண்டாவது வரிசையைப் பார்த்தாள். முகத்தை நிமிர்த்தினாள். உதட்டில் சிரிப்பு இல்லை, கெஞ்சலும் இல்லை.

"அக்கா, திட்டணும்னா திட்டு. பன்னெண்டு வருசத்துக்கும் சேத்துத் திட்டு. ஆனா என்னப் பாத்துத் திட்டு."

தொமாசா நாற்காலி மேலேயே நின்றாள். சால்வை நுனியால் மூக்கை அழுத்தித் துடைத்தாள். பின்பக்கம் நபோரிடம் திரும்பி, கிடங்கு அதிரும்படி ஒரு அதட்டுப் போட்டாள்.

"என்னடா வாயப் பொளந்துகிட்டு நிக்கிற, மூதேவி? வெளக்க அவ மூஞ்சிக்கு நேராத் திருப்பு!"